முதல் சுற்றுப்போட்டிக்குப் போகிறவருக்கு: பலகை, மணிக்கூடு, இத்தாலியத் திறப்பு

வீட்டு விறாந்தையில் சதுரங்கத்தில் அண்ணனையும் மாமாவையும் வென்று பழகிய பிள்ளை, யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடக்கும் முதல் சுற்றுப்போட்டியில் மூன்று ஆட்டம் தொடர்ந்து தோற்றுவிட்டு வாடிப்போய் வீடு திரும்புவது அடிக்கடி நடக்கும். அந்தத் தோல்விகளைத் திரும்ப ஆடிப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு காரணம்தான் தெரியும். ஒன்று, கை செய்த பிழை. மற்றது, முதல் பத்து நகர்வுக்குள் நடந்த பிழை. இரண்டையும் ஒரு மாதத்தில் திருத்திவிடலாம்.

இந்தக் கட்டுரையில் காய்களை ராஜா, ராணி, கோட்டை, பிஷப், குதிரை, காலாள் என்றே சொல்கிறோம். மந்திரி என்ற சொல்லைச் சிலர் ராணிக்கும் சிலர் பிஷப்புக்கும் வைத்திருப்பதால் அதைத் தவிர்த்திருக்கிறோம். கட்டங்களை வெள்ளையின் இடக்கைப் பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்றும், வெள்ளைப் பக்கத்திலிருந்து மேல்நோக்கி 1 முதல் 8 வரையும் எண்ணுகிறோம். வெள்ளை ராஜா முதலில் நிற்கும் கட்டம் இ1.

வீட்டு விதியும் மண்டப விதியும்

தொட்ட காயை நகர்த்தவேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்டமுடியுமென்றால் அதை வெட்டவேண்டும். நகர்த்திக் கையை எடுத்துவிட்டால் அந்த நகர்வு முடிந்தது. கட்டத்தின் நடுவில் நில்லாத காயைச் சரியாக வைக்க விரும்பினால், உங்கள் முறையில், தொடுவதற்கு முன் "அட்ஜஸ்ட்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். தொட்ட பிறகு சொல்வது செல்லாது. இதற்கு ஒரே மருந்து, யோசிக்கும்போது கைகளை மேசைக்குக் கீழே மடியில் வைத்திருப்பது. வீட்டில் ஆடும்போதே இதைப் பழகவேண்டும். மண்டபத்தில் போய்ப் பழகலாம் என்றால் நடக்காது.

கோட்டை கட்டும்போது ராஜாவைத்தான் முதலில் தொடவேண்டும். ராஜாவைக் கோட்டையின் பக்கம் இரண்டு கட்டம் நகர்த்தி, அதே கையால் கோட்டையை ராஜாவைத் தாண்டி மறுபக்கம் வைக்கவேண்டும். கோட்டையை முதலில் தொட்டால் அந்த நகர்வில் அந்தப் பக்கம் கட்ட முடியாது. செக்கில், அதாவது ராஜா தாக்கப்பட்டு, இருக்கும்போது கட்டக்கூடாது, ராஜா கடக்கும் கட்டத்தையும் போய் நிற்கும் கட்டத்தையும் எதிராளி தாக்கக்கூடாது. கோட்டை தாக்கப்பட்டிருந்தால் பரவாயில்லை, கட்டலாம். இந்தக் கடைசி வரி தெரியாமல் நல்ல சமயத்தைத் தவறவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

எட்டாம் வரிசைக்குப் போன காலாளுக்கு வெட்டுப்பட்ட காய்தான் கிடைக்கும் என்று வீடுகளில் சொல்வார்கள். மண்டபத்தில் அப்படி இல்லை. உங்கள் ராணி பலகையில் நிற்கும்போதே இரண்டாவது ராணி எடுக்கலாம். கையில் ராணி இல்லாவிட்டால் மணிக்கூட்டை நிறுத்தி, கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கோட்டையைத் தலைகீழாக வைத்து "இது ராணி" என்று சொன்னால் நடுவர் அதைக் கோட்டையாகவே எடுத்துக்கொள்வார். காலாளை எட்டாம் வரிசையில் விட்டுவிட்டு மணிக்கூட்டை அமத்தினால் அது விதிமீறிய நகர்வு.

விதிமீறிய நகர்வுக்கு நீண்ட நேர ஆட்டத்தில் முதல் தடவை எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூடும். இரண்டாம் தடவை பொதுவாக ஆட்டமே போய்விடும். செக்கில் இருப்பதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்துவதும் இதில் அடங்கும். நீண்ட நேர ஆட்டத்தில் "செக்" என்று வாயால் சொல்லவேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. எதிராளி சொல்வார் என்று காத்திருந்தால் நீங்களே மாட்டுவீர்கள்.

இரண்டு கட்டம் பாய்ந்து பக்கத்தில் வந்து நிற்கும் காலாளை, அது ஒரு கட்டம் மட்டும் வந்ததுபோல் எண்ணி அடுத்த நகர்விலேயே வெட்டலாம். என் பசாந் என்று பெயர். தெரியாதவர் எதிராளி ஏமாற்றுகிறார் என்று சண்டைக்குப் போவார். சண்டை வேண்டாம். எது சந்தேகமென்றாலும் மணிக்கூட்டை நிறுத்தி "சேர், ஒருக்கா வாங்கோ" என்று நடுவரைக் கூப்பிடுங்கள். தமிழிலேயே கேட்கலாம்.

போவதற்கு முன்

பதியும்போது நான்கு விடயம் கேட்டு எழுதிவையுங்கள்: எத்தனை சுற்று, ஒவ்வொருவருக்கும் எவ்வளவு நேரம், ஒரு நகர்வுக்கு எத்தனை செக்கன் கூடும், எத்தனை நிமிடம் பிந்தினால் ஆட்டம் பறிபோகும். கடைசிக் கேள்வி முக்கியம். சில போட்டிகளில் அந்த எல்லை பூச்சியம், அதாவது சுற்றுத் தொடங்கும்போது கதிரையில் இல்லாவிட்டால் தோல்வி. நெடுந்தீவிலிருந்து படகில் குறிகட்டுவான் வந்து, அங்கிருந்து பஸ் பிடிக்கிற பிள்ளைக்குக் காலைச் சுற்று பெரும் சோதனை. முதல்நாளே பட்டணத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்குவது நல்லது. பருத்தித்துறை, சாவகச்சேரிப் பக்கமிருந்து வருகிறவர்கள் ஒரு பஸ் முந்தி வந்தால் போதும்.

வயதுப் பிரிவில் ஆடுகிறவர்கள் பிறப்புச் சான்றிதழின் பிரதியை வைத்திருங்கள். இரண்டு பேனை, தண்ணீர்ப் போத்தல், ஒரு கைலேஞ்சி. வெயில் காலத்தில் உள்ளங்கை வேர்த்துக் காய் வழுக்கும், அதற்குத்தான் கைலேஞ்சி. விசிறிக் காற்றில் நகர்வுகளை எழுதும் தாளான ஸ்கோர்சீற் பறக்கும், ஒரு முனையைப் பலகைக்கு அடியில் செருகிவிடுங்கள். இரண்டு சுற்றுக்கு நடுவில் சோற்றுப் பார்சலை முழுதாக முடித்துவிட்டுப் போய் இருந்தால் நித்திரை வரும். பாதியைப் பின்னேரத்துக்கு வையுங்கள்.

கைத்தொலைபேசியை வெளியில் இருக்கும் பெற்றோரிடம் கொடுத்துவிட்டே உள்ளே போங்கள். ஆட்டத்தின்போது அது சட்டைப் பையில் இருப்பதே விதிமீறல். மணி அடித்தால் ஆட்டம் போய்விடும்.

பலகையில் இருந்ததும் இரண்டைப் பாருங்கள். ஒவ்வொருவரின் வலக்கை மூலையிலும் வெள்ளைக் கட்டம் இருக்கவேண்டும். வெள்ளை ராணி வெள்ளைக் கட்டத்தில், கறுப்பு ராணி கறுப்புக் கட்டத்தில் நிற்கவேண்டும். பிறகு கைகொடுத்துவிட்டுக் கறுப்பு மணிக்கூட்டை அமத்த, வெள்ளையின் நேரம் ஓடத் தொடங்கும். காய் நகர்த்திய கையாலேயே மணிக்கூட்டை அமத்தவேண்டும். வலக்கையால் நகர்த்தி இடக்கையால் அமத்துவது பிழை. டிஜிற்றல் மணிக்கூடு பற்றரியில் ஓடுவது. கரண்ட் நின்றாலும் அது நிற்காது. மண்டபம் இருண்டால் நடுவர் சொல்லும்வரை கதிரையை விட்டு எழும்பாதீர்கள்.

எழுதுவது

நீண்ட நேர ஆட்டத்தில் இரண்டு பேரின் நகர்வையும் எழுதியே ஆகவேண்டும். முதலில் நகர்த்தி, மணிக்கூட்டை அமத்தி, பிறகு எழுதுங்கள். முன்கூட்டி எழுதிவைத்துவிட்டு நகர்த்தக்கூடாது. ராஜாவுக்குக் கே, ராணிக்குக் க்யூ, கோட்டைக்கு ஆர், பிஷப்புக்குப் பி, குதிரைக்கு என். காலாளுக்கு எழுத்தில்லை, கட்டத்தின் பெயர் மட்டும். வெட்டினால் நடுவில் பெருக்கல் குறி, செக்குக்குக் கூட்டல் குறி, ராஜா பக்கம் கோட்டை கட்டினால் இரண்டு பூச்சியமும் நடுவில் கோடும், ராணி பக்கமென்றால் மூன்று பூச்சியம். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனமான ஃபிடேயின் விதி, காய்களின் பெயரை அவரவர் மொழி எழுத்தில் எழுத இடம்தருகிறது. குதிரைக்குக் "கு" என்று எழுதினாலும் குற்றமில்லை.

நேரம் ஐந்து நிமிடத்துக்குக் குறைந்தால் எழுதுவதை விடலாம் என்ற விதியைப் பலர் அரைகுறையாகக் கேட்டிருப்பார்கள். நகர்வுக்கு 30 செக்கனோ அதற்கு மேலோ கூடும் ஆட்டத்தில் அது பொருந்தாது. 90 நிமிடமும் நகர்வுக்கு 30 செக்கனும் என்ற ஆட்டத்தில் கடைசி நகர்வு வரை எழுதவேண்டும்.

வெள்ளைக்கு ஒரு திறப்பு

திறப்பு என்பது ஆட்டத்தைத் தொடங்கும் நகர்வுகளின் ஒழுங்கு. புதியவர் ஐந்து திறப்பை அரைகுறையாகப் படிப்பதைவிட ஒன்றைக் காரணத்தோடு படிக்கவேண்டும். அதற்கு இத்தாலிய ஆட்டத்தின் மெதுவான வடிவத்தையே சொல்வோம். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான கிரேக்கோ எழுதிவைத்த ஆட்டங்களில் இந்தத் திறப்பு உண்டு. 2016இல் நியூயோர்க்கில் நடந்த உலகப் பட்டப் போட்டியில் கார்ல்சனும் கர்யாக்கினும் இதை ஆடினார்கள். பிள்ளையும் ஆடலாம், உலக வீரரும் ஆடலாம். இன்று படிப்பதை நாளைக்குத் தூக்கி எறியவேண்டி வராது. கீழே ஒவ்வொரு வரியிலும் முதலில் வெள்ளையின் நகர்வு, அடுத்தது கறுப்பின் நகர்வு.

1. இ4 இ5
2. குதிரை எஃப்3 குதிரை சி6
3. பிஷப் சி4 பிஷப் சி5
4. சி3 குதிரை எஃப்6
5. டி3 டி6
6. இரண்டு பக்கமும் ராஜா பக்கம் கோட்டை கட்டுதல்
7. கோட்டை இ1 ஏ6
8. பிஷப் பி3 பிஷப் ஏ7
9. எச்3 எச்6
10. குதிரை பி1இலிருந்து டி2

முதல் மூன்று நகர்வும் விளங்கக்கூடியவை: நடுவைப் பிடித்து, இ5 காலாளைத் தாக்கி, எஃப்7ஐக் குறிவைக்கிறோம். எஃப்7ஐ ராஜா மட்டுமே காக்கிறார். தொடக்கத்தில் கறுப்பின் பலவீனமான கட்டம் அதுதான். வெள்ளைக்கு அதே பலவீனம் எஃப்2இல்.

நாலாம் நகர்வில் சி3 ஏன்? டி4 கட்டத்தில் கறுப்புக் குதிரை வந்து இருக்காது, நாங்கள் பிறகு டி4 தள்ளலாம், துரத்தப்பட்ட பிஷப் சி2க்கு ஒதுங்கவும் வழி கிடைக்கும். விலையும் உண்டு. பி1 குதிரைக்கு இனிச் சி3 இல்லை, டி2 வழியாகத்தான் போகவேண்டும்.

ஐந்தாம் நகர்வில் டி3க்குப் பதிலாக உடனே டி4 தள்ள எல்லாருக்கும் கை துருதுருக்கும். கறுப்பு காலாளால் வெட்டும், நாங்கள் சி காலாளால் திருப்பி வெட்டுவோம், நடுவில் இரண்டு காலாள் வடிவாக நிற்கும். ஆனால் உடனே பிஷப் பி4 செக். பிஷப்பை டி2இல் வைத்து மறித்தால், கறுப்பு அதை வெட்ட நாங்கள் குதிரையால் வெட்டுவோம், அடுத்தது கறுப்பு டி5. அந்த அழகான நடு உடைந்துவிடும். ஆட்டம் சமநிலைதான், ஆனால் புதியவர் ஏமாந்துபோய்ப் பதறி ஆடுவார். டி3 வைத்து, ராஜாவைப் பத்திரப்படுத்தி, ஆறுதலாக டி4க்கு ஆயத்தமாவதே எங்கள் சிபாரிசு.

ஆறாம் நகர்வில் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கட்டும் என்று எண்ணவேண்டாம். நாங்கள் கட்டியும் கறுப்பு இன்னும் கட்டாமல் இருக்கும்போது ஒரு கண்ணி உண்டு. அந்தச் சமயத்தில் பிஷப் ஜி5 வைத்துக் குதிரையைக் கட்டிப்போடாதீர்கள் (கட்டிப்போடுவது என்றால், அது நகர்ந்தால் பின்னால் நிற்கும் ராணி வெட்டுப்படும்படி செய்வது). கறுப்பு எச்6, பிஷப் எச்4, பிறகு ஜி5. பிஷப் ஜி3க்கு ஒதுங்க, கறுப்பின் எச் காலாளும் மூலைக் கோட்டையும் நேராக எங்கள் ராஜாவின் மேல் வரும். கறுப்பு ராஜாவோ நடுவில்தான், அந்தக் காலாள்கள் அவருக்கு வேலி அல்ல. எதிராளி ராஜா பக்கம் கட்டிய பிறகு நிலைமை மாறும். அப்போது ஜி5 தள்ளினால் தன் ராஜாவின் வேலியைத் தானே பிடுங்குகிறார்.

ஏழாம் நகர்வில் கோட்டை எஃப்1ஐ விட்டு இ1க்கு வருவது இரண்டு வேலைக்கு: இ4ஐக் காப்பது, டி2 குதிரைக்கு எஃப்1 கட்டத்தைக் காலியாக்குவது. ஆனால் கோட்டை போனதும் எஃப்2இல் ராஜா மட்டும் காவல். அதனால் கறுப்பு உடனே குதிரையை ஜி4க்கு அனுப்பி, சி5 பிஷப்போடு சேர்த்து எஃப்2ஐத் தாக்கலாம். பதறவேண்டாம். கோட்டை இ2 வைத்துக் காத்து, அடுத்து எச்3ஆல் குதிரையைத் துரத்துங்கள். கோட்டை இ2இல் நிற்பது அழகில்லைதான், ஆனால் பாதுகாப்பு.

கறுப்பின் ஏ6, பிஷப் ஏ7 வீண் நகர்வுபோல் தெரியும். பி4 அல்லது டி4 வந்தால் சி5 பிஷப் துரத்தப்படும், அதற்கு முன்பே ஒதுங்கி அதே சாய்கோட்டில் நிற்கிறது. எங்கள் பிஷப் பி3 போவதும் அதே காரணம். எச்3 இல்லாவிட்டால் கறுப்பு பிஷப் ஜி4 வந்து எஃப்3 குதிரையை ராணியோடு கட்டிப்போடும்.

பத்தாம் நகர்வுக்குப் பிறகு என்ன? இங்கேதான் மனப்பாடம் முடிந்து ஆட்டம் தொடங்குகிறது. டி2 குதிரை எஃப்1 போய், அங்கிருந்து ஜி3, அங்கிருந்து சமயம் பார்த்து எஃப்5. அந்தக் குதிரை எஃப்5இல் அசையாமல் இருந்துவிட்டால் கறுப்பு ராஜாவுக்கு நிம்மதி இல்லை. கறுப்பு பிஷப் இ6 வைத்துப் பிஷப் மாற்றம் கேட்டால், சி2க்கு ஒதுக்கி வைத்துக்கொள்ளலாம். எல்லாக் காயும் வெளியே வந்தபின் டி4. முதலில் காய்கள், பிறகு டி4. இந்த ஒழுங்கை மாற்றுவதால்தான் புதியவர்களின் நடு உடைகிறது.

எதிராளி வேறு பாதையில் போனால்

மூன்றாம் நகர்வில் கறுப்பு குதிரை எஃப்6 வைத்தால், டி3 வையுங்கள். பெரும்பாலும் மேலே சொன்ன நிலைக்கே வந்துசேரும். குதிரை ஜி5 பாய்ந்து எஃப்7ஐத் தாக்கும் வழியும் உண்டு, ஆனால் அதைக் கறுப்பாக ஆடும்போது தடுக்கத் தெரிவதுதான் அவசரம்: டி5 தள்ளி, வெள்ளை காலாளால் வெட்டினால் குதிரையால் திருப்பி வெட்டாதீர்கள். வெட்டினால் வெள்ளைக் குதிரை எஃப்7இல் விழும், ராஜா வெட்டவேண்டி வரும், ராணி எஃப்3 செக் ராஜாவையும் டி5 குதிரையையும் ஒன்றாகத் தாக்கும், ராஜா இ6க்கு நடுப்பலகைக்கு வரவேண்டியதுதான். அதற்குப் பதில் குதிரை ஏ5 வைத்து பிஷப்பைத் தாக்குங்கள். ஒரு காலாள் போகும், ஆனால் காய்கள் கெதியாக வெளியே வரும்.

மூன்றாம் நகர்வில் கறுப்பு குதிரையை டி4க்கு வைத்தால் இ5 காலாள் இலவசம்போல் தெரியும். வெட்டாதீர்கள். ராணி ஜி5 வந்து உங்கள் குதிரையையும் ஜி2ஐயும் ஒன்றாகத் தாக்கும். ஆசையில் எஃப்7ஐ வெட்டினால் ராணி ஜி2ஐ வெட்டும், கோட்டை எஃப்1, ராணி இ4 செக், பிஷப் இ2, குதிரை எஃப்3 மேட், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் ஆட்டம் முடிந்தது. குதிரையைக் குதிரையால் வெட்டிவிட்டுக் கோட்டை கட்டினால் உங்கள் நிலை நல்லது.

இரண்டாம் நகர்வில் கறுப்பு குதிரை எஃப்6 வைத்தால் இ5ஐக் குதிரையால் வெட்டலாம். கறுப்பு அவசரப்பட்டு உடனே இ4ஐ வெட்டினால் ராணி இ2. கறுப்புக் குதிரை பயந்து எஃப்6க்கு ஓடினால் உங்கள் குதிரை சி6க்குப் பாய, இ வரிசை திறந்து ராணியின் செக் விழும், கறுப்பு ராணி போய்விடும். தெரிந்தவர் முதலில் டி6 வைத்து உங்கள் குதிரையைத் துரத்திவிட்டுத்தான் இ4ஐ வெட்டுவார்.

கறுப்புக் காய் வந்தால்

இ4க்கு இ5 என்றே ஆடுங்கள். வெள்ளையில் படித்தது இங்கேயும் உதவும். சிறு வயதுப் பிரிவுகளில் இரண்டாம் நகர்விலேயே ராணி எச்5 வரும். ஜி6 வைத்து ராணியைத் துரத்தாதீர்கள். ராணி இ5ஐச் செக்கோடு வெட்டி அடுத்து மூலைக் கோட்டையையும் எடுக்கும். முதலில் குதிரை சி6. பிஷப் சி4 வந்து எஃப்7இல் மேட் மிரட்டினால் இப்போது ஜி6. ராணி எஃப்3 போய் மறுபடி மிரட்டினால் குதிரை எஃப்6. அவ்வளவுதான், வெள்ளை ராணியின் அலைச்சலில் உங்கள் காய்கள் முன்னுக்கு வந்துவிட்டன.

டி4க்கு டி5, குதிரை எஃப்6, இ6, பிஷப் இ7, கோட்டை கட்டுதல். வெள்ளை சி4 வைத்து ஒரு காலாளைக் கொடுத்தால் வெட்டலாம், ஆனால் பி5 வைத்து அதைக் காப்பாற்றப் போகாதீர்கள். வெள்ளை இ3, அடுத்து ஏ4 தள்ளும். நீங்கள் சி6 வைத்துத் தாங்கினால் காலாள் மாற்றத்துக்குப் பின் ராணி எஃப்3 வந்து ஏ8 கோட்டையைத் தாக்கும். ஒரு காயாவது போகும்.

நேரம், சமநிலை, முடிவு

90 நிமிட ஆட்டத்தில் படித்த திறப்பின் முதல் பத்து நகர்வுக்கு 10 முதல் 15 நிமிடம் எடுங்கள். இரண்டு நிமிடத்தில் அடித்துத் தள்ளுகிறவர்கள் எதிராளி ஒழுங்கை மாற்றியதைக் காணமாட்டார்கள். ஒவ்வொரு நகர்வுக்கும் முன் ஒரு கேள்வி: எதிராளி இப்போது எங்கே செக் வைக்கலாம், எதை வெட்டலாம்?

சமநிலை கேட்பதென்றால் முதலில் நகர்த்தி, பிறகு கேட்டு, பிறகு மணிக்கூட்டை அமத்தவேண்டும். கேட்டதை இருவரும் அடைப்புக்குறிக்குள் சமன் குறியிட்டு எழுதவேண்டும். ஒருவர் மறுத்தபின் திரும்பத் திரும்பக் கேட்பது தொந்தரவு, நடுவர் தண்டிக்கலாம். ஒரே நிலை மூன்றாம் தடவை வரப்போகிறதென்றால் அந்த நகர்வைப் பலகையில் வைக்காதீர்கள். ஸ்கோர்சீற்றில் எழுதி, மணிக்கூட்டை நிறுத்தி நடுவரைக் கூப்பிடுங்கள். எழுத்து ஒழுங்காக இல்லாவிட்டால் இதை நிரூபிக்க முடியாது. உங்கள் நேரம் முடிந்தாலும் எதிராளியிடம் ராஜா மட்டும்தான் மிச்சமென்றால் ஆட்டம் சமநிலை. கையைக் கொடுத்துத் தோல்வியை ஒப்புக்கொள்ளுமுன் இதைப் பாருங்கள்.

முடிந்ததும் மணிக்கூட்டை நிறுத்தி, முடிவை இரண்டு தாளிலும் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். வென்றவர் தோல்வி என்று பிழையாக எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் திருத்துவது கஷ்டம். காய்களைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு வெளியே போங்கள்.

பெரும்பாலான போட்டிகள் சுவிஸ் முறையில் நடக்கும். தோற்றால் வெளியேற்றம் இல்லை. உங்களளவு புள்ளி எடுத்தவரோடு அடுத்த சுற்று, ஒருவரோடு ஒரு தடவைதான். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒட்டும் பட்டியலில் உங்கள் பழைய முடிவு சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்து, பிழையென்றால் உடனே நடுவரிடம் சொல்லுங்கள். ஆட்டத் திறனைக் காட்டும் எண்ணான ஃபிடே ரேற்றிங்குக்குக் கணக்கெடுக்கும் போட்டியென்றால், ரேற்றிங் உள்ளவர்களோடு ஐந்து ஆட்டமாவது ஆடிய பிறகே முதல் எண் வரும். 2024 மார்ச் முதல் அதன் அடித்தளம் 1400.

வீட்டுக்குப் போனதும் தாளை எடுத்து, நீங்கள் படித்த ஒழுங்கிலிருந்து முதலில் விலகியது யார், எந்த நகர்வில் என்று மட்டும் குறித்து, அதற்குச் சரியான பதிலைக் கொப்பியில் எழுதுங்கள். ஐந்து சுற்று ஆடினால் ஐந்து வரி சேரும். அடுத்த போட்டிக்கு முதல்நாள் இரவு பார்க்கவேண்டியது அந்த வரிகளைத்தான்.